உப்புத்தாளுக்குத் தப்பாத முத்திரை

அப்பா விட்டுப்போன பழைய ராணுவத் துப்பாக்கியை ஆயுத பூஜைக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரன் செய்த காரியம் இது. சந்தனப் பொட்டு வேறு வைத்தேன்.

தாத்தா பட்டாளத்தில் சுமந்த துப்பாக்கி என்பார் அப்பா. “உங்கப்பன் காயலாங்கடையில வாங்கினான்” என்று சித்தப்பா, அப்பா சாகும்வரை அவரைப் பொய்யராக்கினார். அந்த வாயை அடைக்கவே, லைசென்ஸும் துப்பாக்கியுமாக, சித்தப்பாவையும் காரில் ஏற்றி, சேக்காட்டிலிருந்த ஓய்வுபெற்ற ஆயுத மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் இரும்பைத் தடவிப் பார்த்தார். “இங்கதான் சார் படைப்பிரிவு முத்திரை இருக்கும். அத வெச்சுத்தான் எந்தப் பட்டாளத்துதுன்னு தேட முடியும். எந்த முட்டாள் இத தேய்ச்சான்?”

துருக்கீறல் என்று நான் நினைத்தது அதுதான். கோபத்தில் காது கொதித்தது. அப்பா ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிவைத்திருக்கக் கூடாதா? உப்புத்தாள் விற்றவனாவது எதற்கென்று கேட்டிருக்கக் கூடாதா? அப்பாவுக்கிருந்த ஒரே சாட்சியை நானே அழித்திருக்கிறேன். கொரட்டூர் வரை என்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டு வாசலில் இறங்கிய சித்தப்பா நிதானமாகச் சொன்னார்: “உடு நைனா. பட்டாளத்துக்குப் போனது யாருன்னு தெரியலன்னா இன்னா? நம்ம ஊட்ல நல்லா பாத்திரம் தேய்க்கிறது யாருன்னு தெரிஞ்சிபோச்சே.”