உள்ளிருந்து வந்த ஊசி

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இது நடந்தது. நடுநிசியில்கூட இல்லை. பட்டப்பகலில், கொட்டுகிற மழையில்.

1963 டிசம்பர். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குக் கித்தான் துணி தைக்கும் கடை. டிராக்டர் ஓட்டுபவரைச் சுற்றிக் கட்டும் மழைக்கூண்டும் தைப்பேன். அந்தக் கூண்டின் பிளாஸ்டிக் சன்னல் வெயிலில் கிடந்து வெள்ளை பூத்துவிடும். அப்புறம் எதிரே யானை வந்தாலும் தெரியாது.

அன்று மருதப்பன் வந்தான். நாங்கள் ஒரே கப்பலில் வந்து, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை மேடாக்கும் இடத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தான்.

"டிராக்டர் சன்னல் மாத்தணும்டா. இன்னைக்கே. நாளைக்குப் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க."

"ஓட்டுற ஆள் எங்க?"

"வடிவேலுவா? லீவுல ஊருக்குப் போயிட்டான் லா."

நம்பினேன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவனோடு போனேன். ஜூரோங்கில் டிராக்டர் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. நன்றாகக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் சேற்று நாற்றம் போகவில்லை.

பழைய சன்னலை முதலில் வெட்டினால் கித்தான் தொய்ந்துவிடும். அதன் மேலேயே புதியதை வைத்துத் தைத்துவிட்டு, கடைசியில்தான் பழையதை வெட்டி எடுப்பேன். தைக்க இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து நான் நீல நூல் கோத்த, நுனி வளைந்த ஊசியைக் குத்துவேன். உள்ளே இருப்பவர் அதை இழுத்து, அடுத்த துளையில் திருப்பித் தள்ள வேண்டும். மருதப்பன் உள்ளே ஏறி உட்கார்ந்தான்.

மூன்று மணிக்கு மழை வலுத்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மங்கிய சன்னலுக்குப் பின்னால் ஒரு நிழல் மட்டும் அசைந்தது.

ஊசி போனது. வந்தது. போனது. வந்தது.

பிறகு... ஈரமாக வந்தது.

துடைத்துவிட்டுக் குத்தினேன். அடுத்த முறை நூலெல்லாம் சேறு.

"கையத் துடைச்சுக்கடா!"

ஊசி மட்டும் வந்தது. முன்பைவிட வேகமாக...

கடைசித் தையல். குத்தினேன்.

ஊசி வரவில்லை.

"மருதப்பா...?"

"என்னடா?"

குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினேன். மருதப்பன் கையில் குடை. இன்னொரு கையில் கோப்பி டின்.

"கோப்பி வாங்கப் போறேன்னு கத்திட்டுத்தானே போனேன்?"

சன்னலைப் பார்த்தேன்.

நிழல்... அங்கேயே இருந்தது.

மருதப்பனும் பார்த்தான். டின் கீழே விழுந்தது.

மறுபக்கம் போய்த் துணிக் கதவை விலக்கினேன். யாரும் இல்லை. இருக்கை முழுக்கச் சேறு. நூல் அறுந்து தொங்கியது. ஊசியைக் காணோம்.

நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். மருதப்பன் பழைய சன்னலை வெட்டிச் சுருட்டி எடுத்துப் போனான்.

நான்காம் நாள், ஜூரோங்கில் கோப்பிக் கடை வைத்திருந்த ஜலாலுதீன் என் கடைக்கு வந்தார். அவர் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. வடிவேலு ஊருக்குப் போகவில்லை. நான் போனதற்கு முந்தின நாள் மழையில், மங்கிய சன்னலால் வழி தெரியாமல் டிராக்டரை ஓடைக்குள் விட்டிருக்கிறான். டிராக்டரைத்தான் இழுத்து எடுத்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. சன்னலை மாற்றித் தரும்படி மருதப்பனிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறான். பார்க்க வந்த பெரிய ஆட்கள் என் புதுச் சன்னலைத் தொட்டுப் பார்த்து, தப்பு ஓட்டியவனுடையது என்று எழுதிவிட்டுப் போனார்களாம். அவன் மனைவி பூவம்மாவைக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

நேரே மருதப்பனிடம் போனேன்.

"தெரிஞ்சேதான் என்னைத் தைக்க வச்சியா?"

"சொல்லியிருந்தா நீ தைச்சிருப்பியா?"

கூட இருந்தே குழி பறித்துவிட்டான். என் கையை வைத்தே ஒரு செத்தவன் மேல் பழியைத் தைத்துவிட்டான். பெரிய ஆட்களிடம் போய்ச் சொன்னேன். பழைய சன்னல் எங்கே என்று கேட்டார்கள். அவன் அதை எரித்திருந்தான். அதற்குப் பிறகு அவன் முகத்தில் நான் விழிக்கவில்லை.

ஜலாலுதீன் அன்று கிளம்பும்போது சொன்னதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

"இன்னைக்குக் காலையிலதான் வடிவேலு உடம்பு கிடைச்சுது அண்ணே. வலது கை மூடியே இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தோம்... இது உங்களோடதா?"

மேசையில் வைத்தார். நுனி வளைந்த கித்தான் ஊசி.

அதன் காதில் என் நீல நூல் கோத்தபடியே இருந்தது.