அடுப்போடு ஒட்டிக் கட்டிய தண்ணீர்த் தொட்டி

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்துப் பழுதுபார்க்க முடியாது. அது சுவரோடு சுவராகக் கட்டியது. தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினியும் ஒரு சின்ன அறையும் இழுத்துக் கட்டியபோது, இரண்டுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் தன் கையாலேயே சீமெந்தில் அதைக் கட்டினார். மலையிலிருந்து டியூப் வழியாக வரும் ஊற்றுத் தண்ணீர் அதில் விழும். குசினிப் பக்கம் விறகடுப்பைத் தொட்டிச் சுவரோடு ஒட்டிப் போட்டார். இரவு சமைக்கிற சூட்டில் தண்ணீர் விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அக்கரப்பத்தனைக் குளிரில் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் முகம் கழுவுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். லயத்து ஆட்கள் வந்து தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கீழ் லயத்திலும் ஒருவர் பார்த்துப் போய் அதே மாதிரி கட்டிக்கொண்டார்.

தொட்டிக்கு மறுபக்கம்தான் அந்தச் சின்ன அறை. எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ராகலைக்குப் போன பிறகும் அதை அவளுடைய அறை என்றுதான் சொல்வோம். தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கேதான் வரவேண்டும். அந்த அறையில் அவளைப் படுக்க வைத்து, காயச்சரக்கு இடித்துக் கொடுத்து, வெந்நீர் ஊற்றி, பேரனையோ பேத்தியையோ என் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே இல்லை. பார்த்துப் பார்த்து அந்த அறையின் சுவர்தான் நனையத் தொடங்கியது.

முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவத்துக்கு நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். ஆனால் பிள்ளை குறைமாதத்தில் பிறந்துவிட்டான். நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் உள்ளங்கை நீளம்கூட இருப்பானா என்று தோன்றியது. வீட்டுக்குக் கொண்டுபோனால் சூடான, காய்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும், ஈரம் ஆகவே ஆகாது, நெஞ்சில் சளி கட்டினால் தாங்க மாட்டான் என்று நர்ஸ் மிஸ்ஸி திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா, உங்களுக்கு எதற்குச் சிரமம், நாங்களே ராகலைக்குக் கூட்டிப் போகிறோமே என்றார். தன்மையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக்கு என்ன குறை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்ததும் தொட்டியை இறைத்தோம். மேலே மூடியிருந்த பலகைக் கல்லில் ஒரு வாளி இறங்கும் அளவுக்குத்தான் ஓட்டை. இவருடைய தோள் நுழையாது. சாப்பிட்டும் உடம்பு வைக்காத நான்தான் இறங்கினேன். உள்ளே குந்தியிருந்து, போன் வெளிச்சத்தில், கம்பிப் பிரஷால் பாசியைச் சுரண்டினேன். இவர் மேலிருந்து சீமெந்துப் பாலைக் கரைத்துக் கொடுப்பார், நான் மூலை மூலையாகப் பூசுவேன். பூச்சு இறுகும்வரை அடுப்பும் பற்ற வைக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் வாங்கிச் சாப்பிட்டோம். தண்ணீர் விட்டுப் பகல் முழுக்கப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. மகளுக்குப் போன் எடுத்து, சுவர் சரியாகிவிட்டது, நீ நிம்மதியாக இரு என்றேன். அன்று இரவு சோறு பொங்கிச் சாப்பிட்டோம். காலையில் சுவரடியில் தண்ணீர் நின்றது.

மறுபடியும் இறைத்தோம். தலவாக்கலையில் போய்த் தண்ணீர் புகாத பூச்சு வாங்கி வந்து பூசினோம். மறுபடியும் பகலில் காய்ந்து காலையில் நனைந்தது. இவர் மணல் சரியில்லை என்றார், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். நான் இவரைத்தான் திட்டினேன். கசிவை அடைத்தால் உனக்குப் பாவாடை சாத்துகிறேன் என்று மாரியம்மாவிடம் வேண்டிக்கொண்டேன். தொட்டிக்குள்ளே குந்தியிருந்து யாருக்கும் கேட்காமல் அழுதும் பார்த்தேன். இதற்குள் பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது.

மூன்றாம் முறை பூசித் தண்ணீர் விட்ட அன்று ஒரே மழை. விறகெல்லாம் நனைந்து, ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். கடைப் பாணும் சம்பலும் தின்றுவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் புது ஈரம் இல்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. காய்ந்த விறகு இரவல் வாங்கி அடுப்பைப் பற்ற வைத்துத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, கூட்டுமாறு எடுக்க அறைக்குள் போனேன். சுவரின் கீழ்மூலையில் நீர் முத்து முத்தாகப் பூத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். சுவர் ஆற ஆறக் கசிவு நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுப்புச் சூட்டில் ஒருபக்கச் சுவர் விரிகிறது. மறுபக்கம் குளிர்ந்தபடியே இருக்கிறது. நடுவில் மூலை பிளந்துகொள்கிறது. எத்தனை முறை பூசினாலும் நாமே தினமும் அதைத் திறந்துவிடுகிறோம்.

இவரிடம் சொன்னபோது, நெருப்பு எங்கேயாவது தண்ணீரை ஒழுக வைக்குமா என்று சிரித்தார். அவரை அறைக்குள் உட்கார வைத்துவிட்டு நான் போய் அடுப்பை எரித்தேன். சுவர் மூலை நனைவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் வாசல் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுப்பு எரியாவிட்டால் அந்தக் குளிரில் பிள்ளைக்குச் சூடு இல்லை. எரித்தால் சுவர் ஒழுகும். தண்ணீரை இறைத்துவிட்டுத் தொட்டியைச் சும்மா விட்டாலும், ஊறிய சுவருக்குச் சூடு எட்டாது. ஒரே வழிதான் இருந்தது. தொட்டியின் குசினிப் பக்கச் சுவரை உடைத்தெறிந்தால் அடுப்பின் அனல் நேரே அந்த ஈரச் சுவரில் படும்.

"ஒடச்சிரலாங்க," என்றேன்.

"நான் கட்டுனது புள்ள அது," என்றார்.

நான் இரும்பு அலவாங்கை எடுத்து இடிக்கத் தொடங்கினேன். கல் லேசில் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வந்து என் கையிலிருந்து அலவாங்கை வாங்கினார். அறைப் பக்கச் சுவரை மட்டும் விட்டு முழுவதையும் இடித்துத் தள்ளினார். நான் கல்லைப் பொறுக்கி வெளியே போட்டேன்.

அதன் பிறகு லயத்துப் பொதுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தோம். இரவும் பகலும் அடுப்பை எரித்தோம். அறைக்குள் தணல் சட்டி வைத்தேன். பத்தாததற்கு அயர்ன் பெட்டியைச் சூடாக்கிச் சுவரில் தேய்த்தேன். பார்த்த பக்கத்து வீட்டக்கா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்திருப்பார். மேலே வெள்ளையாகக் காயும், விரலால் அழுத்தினால் உள்ளே ஈரம். வருடக்கணக்காகக் குடித்த தண்ணீரைச் சுவர் லேசில் விடுமா.

சொன்ன நாளில் ஆட்டோ வந்து நின்றது. மகள் பிள்ளையோடு இறங்கினாள், பின்னால் சம்பந்தியம்மா. மகள் நேரே அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதம்மா. நான் ராகலைக்கே போயிர்றேன்."

"இன்னும் ரெண்டு நாள்ல காஞ்சிரும்."

"ரெண்டு நாள் இவன் தாங்க மாட்டாம்மா."

அவள் சொன்னது சரி. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. சம்பந்தியம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இடித்து வைத்திருந்த காயச்சரக்கைப் பொட்டலத்தோடு அவர் கையில் கொடுத்தேன். இவளுக்குக் காரம் ஆகாது, குழம்பு வைக்கும்போது மிளகைக் குறைத்துப் போடுங்கள் என்றேன்.

ஆட்டோவில் ஏறுமுன் மகள் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சீமெந்து தின்று என் விரலெல்லாம் வெடித்துக் கிடந்தது. போர்த்தியிருந்த கம்பளியின் நூல் அந்த வெடிப்புகளில் மாட்டி இழுபட்டது. கன்னத்தைத் தொட்டுப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தேன்.