தொடாமல் படித்த நாற்காலி

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் துரைசானி வாயிலிருந்து வந்த ஏவல்தான். பெட்டைத் தட்டிப் போடு, பில்லோ உறையை மாற்று, மிரரைத் துடை. கடற்கரையோரப் பங்களாவில் ஆயாவாக இருந்த நான், அதை வைத்துக்கொண்டு என் ஏழு வயது மகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடத் துடித்தேன். வெள்ளைக்கார டீச்சர் வீட்டுச் சாமான்களின் பெயரைக் கேட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஜெலுத்தோங்கில் எங்கள் அத்தாப்பு ஓலை வீட்டில் இருந்ததோ பாயும் தகரப்பெட்டியும். அதைக் காட்டி என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?

வெயில் தாங்காமல் துரை குடும்பம் பினாங்கு மலைக்குப் போனபோது, வீட்டைத் துடைக்கும் சாக்கில் தினமும் மகளையும் டிராமில் கூட்டிப் போனேன். படுக்கையறையில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெட். பிளாங்கெட். வார்ட்ரோப். மஸ்கீட்டோ நெட். சேர். கற்பூர புத்திக்காரி, கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

நான்தான் துணியும் கையுமாக அவள் பின்னாலேயே நின்றேன். அவள் தலையில் வழிய வழிய எண்ணெய். எங்காவது ஒரு பொட்டுக் கறை பட்டால் என் பிழைப்பு போச்சு. ஒருநாள் ஆசையாக அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பளாரென்று விட்டேன் ஓர் அறை.

"சனியனே! ஒங்கப்பன் வீட்டு நாற்காலியா இது? வாயால சொல்லு, தொடாத. இன்னொரு தடவ ஏறுனே, கால ஒடச்சிடுவேன்!"

அழாமல் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "சேர்" என்றாள். பாவி நான், அதைக் கேட்டுப் பூரித்துப்போனேன்.

சேர்க்கப் போன அன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் மேசைக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டீச்சர் சிரித்த முகமாக ஒன்றைக் காட்டி, "சிட் டவுன்" என்றாள். மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் மறுபடி சொன்னாள். "சேர்!" என்றாள் இவள் கணீரென்று. டீச்சர் இன்னொரு முறை சொன்னதும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உட்காரடி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் போட்ட நாற்காலியில் நானும்தானே உட்காராமல் நின்றேன்!

பக்கத்தில் பேர் எழுதிக்கொண்டிருந்த தமிழ்க் கிராணி, டீச்சர் சொன்னதைக் கேட்டு எங்களிடம் திரும்பினார்.

"பிள்ளைக்கு இங்கிலீஷ் புரியலன்னு சொல்றாங்கம்மா. இந்த வருசம் எடம் இல்லலா. பெறகு பார்க்கலாம்."

அவளுக்கு எல்லாம் தெரியும் ஐயா என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டிராமுக்குக் காத்து நிற்கும்போது என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, நான் ஒண்ணையும் தொடலம்மா. சரியாத்தான செஞ்சேன்?"

"சரியாத்தான்டி செஞ்சே, தங்கம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.