மண் ஒட்டாத உடம்பு

தொண்ணூறுகளில், தாம்பரத்தை ஒட்டிய எங்கள் ஊர்க் கபடி அணியில் காலனியிலிருந்து முதன்முதலாக ஆடப்போனவன் ஏழுமலை. அதுவரை காலனிக்காரர்கள் நாங்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்தான்.

பக்கத்து ஊரோடு பொங்கல் போட்டி. ஏழுமலை பாடிக்கொண்டு போனாலே எதிரணி ஒதுங்கியது. ஒவ்வொரு தடவையும் எவனையாவது தொட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினான். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம் என்பார்கள். இவனைத் துரத்தவே ஆளில்லை. அவ்வளவு பயம் என்று பூரித்துப்போனேன். ஜெயித்ததும் கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஏழுமலை மட்டும் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

“இன்னாடா, ஜெயிச்சுட்டு மூஞ்சிய தூக்கி வச்சுகினு கீற?” என்றேன்.

“ஒடம்ப பாருண்ணா. ஒரு கீறல் கீதா? மண்ணு ஒட்டிகீதா? என்னத் தொடக்கூடாதுன்னு ஒருத்தனும் புடிக்கலண்ணா.”

அவன் மண்ணை அள்ளித் தோளிலும் முதுகிலும் தேய்த்துக்கொண்டான்.

“இன்னாடா பண்ற?”

“இப்டியே வூட்டுக்குப் போனா, ஆட்டத்துல சேக்கலியான்னு அம்மா கேக்கும்.”

அப்புறம் அவன் ஆடப் போகவே இல்லை. கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்த எனக்கு, இன்றும் எங்கே கபடி நடந்தாலும் ஆடுகிறவன் முதுகில் மண் இருக்கிறதா என்றுதான் கண் போகிறது.