எல்லை தாண்டி வந்த பேப்பர்க்கட்டு

எவனோ எழுதி எவனோ அச்சடித்ததற்கு நாம் போய்த் திட்டு வாங்கிக்கொள்ளும் தொழிலுக்குப் பேப்பர் ஏஜென்சி என்று பெயர். சைக்கிளில் பேப்பர்க்கட்டைத் தூக்கி வைத்து மிதித்த சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில், எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் பாறசாலையில் ஒரு தமிழ்ப் பேப்பருக்கு நான் ஏஜென்ட். பேப்பரைத் தொடங்கியவர் சுதந்திரப் போராட்டக் காலத்து மனுஷர். அவருடைய பேரன்கள் இரண்டுபேரும் அது யாருக்கு என்று கோர்ட்டில் நின்றார்கள். மூத்தவர் ஜெயித்தால் கட்டு எப்போதும்போல வரும். இளையவர் ஜெயித்தால், நஷ்டம் என்று எல்லைக்கு இந்தப் பக்கம் விடாமல் களியக்காவிளையோடு நிறுத்திவிடுவார் என்று பேச்சு. கட்டு நின்றால் என் வீட்டு அடுப்பும் நின்ற மாதிரிதான்.

ஆருக்க பேப்பர்?

எங்கள் பக்கத்தில் பேப்பர் போடச் சொல்வதற்கு முன் பெண் பார்ப்பதுபோல விசாரிப்பார்கள். ஒன்று கட்சிக்காரன் பேப்பர், ஒன்று சபைக்காரன் பேப்பர், ஒன்று குடும்பச் சொத்து. தனுவச்சபுரத்து வக்கீல் குமாஸ்தா தங்கையன் அண்ணாச்சியிடம் சந்தா கேட்டுப் போனேன். "எலே, இது ஆருக்க பேப்பர்?" என்றுதான் தொடங்கினார்.

கேஸ் விஷயத்தை மறைக்கத்தான் பார்த்தேன். மனுஷன் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர், விடுவாரா? தோண்டி எடுத்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்து போச்சு.

"கேஸ் கெடக்கா? அப்போ நாளைக்கே போடு மக்கா. கோர்ட்டுல கெடக்கிற சொத்தை ஒருத்தனும் வித்துத் தின்ன முடியாது!"

ரப்பர் விலை

அம்பூரிக்குப் பேப்பரை பஸ்ஸில் போட்டு அனுப்புவேன். அங்கே வாங்கும் ரப்பர்காரர் ஒருவர் ஒருநாள் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு சீப்பு ஏத்தன்பழம். நான்தான் பேப்பர் முதலாளி என்று அவருக்கு எண்ணம். சத்தியம் பண்ணிச் சொன்னேன், ஏறவில்லை.

"நாளைக்கு ஷீட்டு விக்கக் கொண்டுபோறேன். ஒரு நாளைக்கு மட்டும் ரப்பர் வெலையைக் கொஞ்சம் கூட்டிப் போடும் வோய், ஒமக்கு என்ன கையா தேஞ்சு போகும்?"

உள்தாள்

ஸ்டேஷன் பக்கம் பாகம் பிரிந்த அண்ணன் தம்பி. நடுவில் மதில். பிரியாமல் இருந்தது பேப்பர் ஒன்றுதான்: வெளித்தாள் அண்ணனுக்கு, உள்தாள் தம்பிக்கு. முதலாளிமார் கேஸில் அண்ணன் மூத்தவர் கட்சி, தம்பி இளையவர் கட்சி. இதற்காகவே நாலு வீடு கேட்கச் சண்டை போடுவார்கள்.

தீர்ப்பு இளையவருக்கு வந்தது. மறுநாள் காலையில் பேப்பரோடு போனேன். அண்ணன் வாசலிலேயே மறித்தார். "இளையவனுக்க பேப்பர் இனி என் படி ஏறப்பிடாது!" தம்பியாவது முழுசாக வாங்குவார் என்று மதிலின் அந்தப் பக்கம் ஓடினேன். அவர் ஜெயித்த குஷியில் இருந்தார்.

"அவன் நிறுத்தினா எனக்கென்ன? எனக்கு எப்பவும்போல உள்தாள் மட்டும் போட்டாப் போதும்."

பன்னிரண்டு வருஷம்

புது முதலாளி காரில் வந்தே விட்டார். ஜங்ஷன் டீக்கடையில் உட்கார்ந்து, கட்டை நிறுத்தப்போகிறேன் என்றார். கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு அழவே அழுதேன். அவர் பாட்டுக்குப் பழம்பொரி தின்றார். பக்கத்து பெஞ்சிலிருந்த தங்கையன் அண்ணாச்சி டீ கிளாஸை டக்கென்று வைத்தார்.

"இந்தப் பேப்பர் இந்த ஊருக்கு வரத் தொடங்கி பன்னிரண்டு வருஷம் கழிஞ்சாச்சு. ஆரும் தடுக்காம அனுபவிச்சு வாறோம். பன்னிரண்டு வருஷம் அனுபவிச்சவனுக்குத்தான் சொத்துன்னு சட்டம், அந்த அனுபவ பாத்தியதை எங்களுக்கு உண்டு. நிறுத்திப் பாரும், நாளைக்கே ஸ்டே வாங்குவேன். சாட்சிக்கு ஒம்ம அண்ணனை விளிப்பேன், ஆக்கும்!"

அப்படி ஒரு சட்டம் பேப்பருக்கு உண்டா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணன் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளிக்குப் பழம்பொரி தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டு வரும் தம்பி, எப்பவும்போல வரும். இன்னொரு கேஸை மட்டும் என்னால தாங்க முடியாது."

நாட்டில் பத்திரிகைகளை நடத்துவது கட்சியா, சபையா, குடும்பமா என்று படித்தவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் அதை நடத்தியது, கடைசிவரை போடாத ஒரு கேஸ்தான்.