ரமீரோவின் வலது சப்பாத்து

போன சனிக்கிழமை டோர்ட்மண்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி. ரோல்ஸ் பலகாரப் பெட்டிகளைச் சுமப்பதுதான் எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட விளையாட்டு. மைதான ஓரத்தில் பெட்டியை இறக்கும்போது யாரோ ஒருவர் ஈரச் சப்பாத்துகளைக் கழற்றிச் சுவரில் டொக் டொக்கென்று அடித்தார். சேறும் புல்லும், தோலுக்குப் பூசுகிற கொழுப்பும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியது. "என்னப்பா, முகம் வெளிறிப் போச்சு, சுகர் குறைஞ்சிட்டுதோ?" என்று மனைவி ஒரு ரோலை எடுத்து என் வாயில் திணித்தாள். சுகர் ஒன்றுமில்லை. எனக்கு ரமீரோவின் ஞாபகம் வந்துவிட்டது.

உங்களுக்கு அவனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. பராகுவேக்காரன், நடுக்கள ஆட்டக்காரன். அந்த நாளில் நான் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கிளப்பில் உடுப்புத் தோய்க்கிற வேலையில் இருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவி அலுத்துப்போய் வந்து சேர்ந்த இடம். முதல் கிழமையே வெள்ளைக் காலுறைகளைச் சிவப்புச் சட்டைகளோடு போட்டு, பதினொரு பேரையும் இளஞ்சிவப்புக் காலோடு பயிற்சிக்கு அனுப்பினேன். என்னை வேலையை விட்டுக் கலைக்காமல் வைத்திருந்தவர் ஹோர்ஸ்ட். ஆட்டக்காரரின் உடுப்பு, சப்பாத்து எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர், என் மேலாளர். அதிகம் பேசமாட்டார், சிரிப்பதும் குறைவு.

ரமீரோ வந்தது ஒரு மார்கழியில், இரண்டு பெரிய சூட்கேசுகளோடு. முப்பத்துநாலு வயது, இது எட்டாவது கிளப். தான் ஆடிய ஊர்களை அவன் நிலத்தை வைத்துத்தான் சொல்லுவான். அசுன்சியோனில் செம்மண் கணுக்கால் வரை ஏறும், மெக்சிகோவில் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும், துருக்கியில் புல் ஈரக் கம்பளம் போல வழுக்கும், சைப்பிரஸில் சீமெந்தில் விழுந்த மாதிரிப் பந்து துள்ளும். ஜெர்மனி எப்படி என்று கேட்டேன். "இஞ்சை நிலம் நல்லம் அண்ணை, ஆக்கள்தான் குளிர்" என்றான். அண்ணை என்று கூப்பிடப் பழக்கினது நான்தான். இரண்டு பேருக்கும் உடைந்த ஜெர்மன். அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டும்போதும் ஐஸ் போட்ட இலைச்சாறு ஒன்றை உலோகக் குழாயால் உறிஞ்சிக்கொண்டிருப்பான். எனக்கும் நீட்டுவான். பாகற்காய்க்கு அது பெரியண்ணன்.

அவன் அதிகம் ஓடமாட்டான். பந்து வருமுன்னமே உடம்பைத் திருப்பிவிடுவான், பிறகு எதிராளிக்கு அவனுடைய முதுகுதான் மிஞ்சும். அந்த ஒரு திருப்பத்தை வைத்தே ஐந்து நாட்டில் சோறு தின்றவன். மகள் லூசியாவுக்கு ஒன்பது வயது. "அவளுக்கு நாலு பாஷையிலை சிநேகிதி இருக்கு, ஒரு ஊரிலையும் இல்லை" என்று சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கும். இங்கே வந்த பிறகு அவளுக்கு ஒருத்தி வாய்த்திருந்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை. இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம். பங்குனியில் ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை முடிவு சொல்வதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஹோர்ஸ்டிடம் ஒரு வழக்கம் இருந்தது. சப்பாத்துகளையெல்லாம் மேசையில் கவிழ்த்து வைத்து, அடியில் திருகிப் பூட்டும் அலுமினியக் குமிழ்களைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். எது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே, யாருக்கு இடுப்பில் பிடிப்பு, யார் வலியை ஒளிக்கிறான் என்று சொல்லிவிடுவார். "சப்பாத்து பொய் சொல்லாது" என்பார். பார்த்ததை நேரே பயிற்சியாளரிடம் கொண்டுபோவார். வைத்தியர் கண்டுபிடிக்காததை இவர் கண்டுபிடித்த கதை இரண்டு மூன்று உண்டு.

அந்த மாதம் முதுகு வைத்தியத்துக்கென்று ஹோர்ஸ்ட் மூன்று கிழமை போயிருந்தார். சப்பாத்து என் பொறுப்பு. ரமீரோவின் வலது சப்பாத்தைக் கவிழ்த்தபோது எனக்கே விளங்கியது. வெளிப்பக்கக் குமிழ் மூன்றும் பாதியாகத் தேய்ந்து கிடந்தன, உள்பக்கம் கடையில் வாங்கினபடி. முழங்காலுக்குப் பாரம் கொடுக்காமல் காலின் ஓரத்தாலேயே மிதித்திருக்கிறான். தோய்க்கும் அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவைச் சாத்தினான்.

"பின்னேரத்திலை வீட்டிலை ஐஸ் பட்டாணிப் பைக்கற்றாலை ஒத்தடம் குடுக்கிறன் அண்ணை. திங்கள் வரைக்கும் தாக்குப் பிடிச்சாப் போதும்."

"வெள்ளிக்கிழமை ஹோர்ஸ்ட் வாறார், தெரியுமே?"

அவன் சப்பாத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அகதிகள் விடுதியில் நாங்கள் இருந்த காலத்தில், அறை பார்க்க ஆள் வருகிறார் என்றால் தடை செய்யப்பட்ட மின்னடுப்பைப் போர்வைக்குள் சுற்றி, அதன்மேல் புதுத் துணிகளாக மடித்து அடுக்குவோம். ஒன்றை ஒளிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் புதுசாகக் காட்டு: எங்களுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். வியாழக்கிழமை இரண்டு சப்பாத்திலும் இருந்த பன்னிரண்டு குமிழையும் கழற்றினேன். பன்னிரண்டும் புத்தம் புதிதாக, இருப்பதிலேயே உயரமானதாகப் பார்த்துப் பூட்டினேன். மழை என்று காரணமும் தயாராக இருந்தது. ஹோர்ஸ்டின் தகரப் பெட்டியில் பாதி தேய்ந்த குமிழ்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. அதில் ஆறை எடுத்து வலதில் சமனாகப் பூட்டியிருந்தாலே போதும். எனக்கு அது தோன்றவேயில்லை.

வெள்ளி காலை ஹோர்ஸ்ட் வந்தார். என்னிடம் சுகம்கூட விசாரிக்காமல் சப்பாத்துகளைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தவர் ரமீரோவுடையதில் நின்றார்.

"எப்ப மாத்தினாய்?"

"நேற்று. நாளைக்கு மழை எண்டு சொன்னவங்கள்."

"பழசு எங்கை?"

"எறிஞ்சிட்டன்."

பழசு பன்னிரண்டும் என் காற்சட்டைப் பைக்குள் இருந்தன. அசைந்தால் கிலுங்கும் என்று நான் மரமாக நின்றேன். சலவை இயந்திரம் வேறு அந்த நேரம் பார்த்துச் சுற்றி முடிந்து நின்றுபோனது. எனக்கு என் மூச்சே கேட்டது. ஹோர்ஸ்ட் புதுக் குமிழ் ஒன்றை இன்னொருதரம் தடவி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த சப்பாத்தை எடுத்தார்.

சனிக்கிழமை உண்மையாகவே மழை பெய்தது. ரமீரோ சப்பாத்தைக் கட்டிக்கொண்டு சீமெந்துத் தரையில் இரண்டடி நடந்தான். நின்று என்னைப் பார்த்தான்.

"உயரமாயிருக்கே அண்ணை?"

"மழையெல்லோ" என்றேன்.

"நீங்கள் சொன்னாச் சரி."

முப்பது நிமிடம் வரைக்கும் அவனைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நிர்வாகத்தார் இருக்கும் பக்கத்தை நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன், அவர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நான் வாய்க்குள் முணுமுணுத்துக் கூப்பிடாத கடவுள் ஒருவரும் மிச்சமில்லை. அப்போது நடுவில் அவனுக்கு ஒரு பந்து வந்தது. வழக்கம்போல முன்கூட்டியே திரும்பினான். உடம்பு திரும்பியது, வலது கால் வரவில்லை. குமிழ்கள் ஈரமண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு எதிராளியும் இல்லை. தானாக விழுந்தான். முழங்காலைப் பிடித்தபடி நிலத்தை ஒரு கையால் அடித்தான்.

மற்றவர்கள் துரதிர்ஷ்டம் என்றார்கள். எனக்குத் தெரியும். தேய்ந்த குமிழோடு இருந்திருந்தால் கால் வழுக்கித் திரும்பியிருக்கும். அந்த முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அந்தத் தேய்வுதான் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. சிகிச்சை அறையில் காலுறையை வெட்டினார்கள். அவன் கத்தவில்லை. லூசியாவை உள்ளே விடவேண்டாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கழற்றின சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

திங்கட்கிழமை ஒருவரும் அவனிடம் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. வைகாசியில் அதே இரண்டு சூட்கேசுகள். ஊன்றுகோலோடு சலவை அறைக்கு விடைபெற வந்து, சூடான துவாய்க் குவியல் நடுவில் என்னைக் கட்டிப்பிடித்தான். "என்னைக் காட்டிக் குடுக்காத ஆள் நீங்கள் ஒருத்தர்தான்" என்றான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன், "சுகமாப் போயிட்டு வாரும்" என்றுதான் வந்தது. வெட்கமாயிருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

பிறகு ஒவ்வொரு ஆங்கில வருடப்பிறப்புக்கும் செய்தி அனுப்புவான். பொலிவியாவில் உதவிப் பயிற்சியாளர், எக்குவடோரில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி, லூசியா பல்கலைக்கழகம். நான் ஒவ்வொரு முறையும் வாழ்த்தும் லூசியாவின் சுகமும் எழுதி நிறுத்திவிடுவேன். கடைசியாக வந்த செய்தியில் இப்படி இருந்தது: "சந்திக்கிற எல்லாரும் முதல் முழங்காலைத்தான் விசாரிக்கினம், அண்ணை. இத்தனை வருஷத்திலை ஒருக்காலும் கேக்காதது நீங்கள் மட்டும்தான். அதுக்கு நன்றி."

எங்கள் கிளப் மைதானத்தில் இப்போது மூன்று மாடி வீடுகள். ஹோர்ஸ்ட் செத்து ஐந்து வருடம். அன்று அவருக்கு விளங்கியிருந்ததா என்று கேட்கவும் ஆளில்லை. போன வருடப்பிறப்புக்கு ரமீரோவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தை முழுக்கப் பார்த்துவிட்டு, மாசியில் நானாக எழுதினேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று தொடங்கி, குமிழ் பன்னிரண்டையும் பற்றி ஒன்றும் விடாமல் எழுதினேன். செய்தி போகவில்லை. அவனுடைய தொலைபேசி இலக்கம் இப்போது பாவனையில் இல்லையாம்.