அத்தை நிழலில் இருந்த மூன்று மாதம்

பிள்ளைகளா, போன வாரம் சின்னவள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். வெயிலில் ஓடினால் கறுத்துவிடுவாளாம். பெரியவன் அதைக் கேட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு அவனும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போன் பார்க்கப் போய்விட்டான். இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லலாம் என்றால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. படித்ததும் பத்தாம் வகுப்புதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. எட்டயபுரத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் எங்கள் வீடு. என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கல்யாண வயதில் இருந்தாள். அவளுக்கு வாய் ஓயாது. களையெடுக்கிற பெண்களுக்குள் அத்தை எங்கே இருக்கிறாள் என்று சிரிப்புச் சத்தத்தை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்.

புரட்டாசியில் கோவில்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜவுளிக்கடையில் சாயம் போகுமா என்று துணியைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. வெயில்ல போட்டு வாட்டிட்டீங்க. தை பொறக்கது வரைக்கும் நெழல்ல வையுங்க, வெளுத்திருவா. அப்பறமா வந்து பூ வச்சுக்கிடுதோம்” என்றார்.

என் அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே அத்தையை உள் அறைக்கு மாற்றிவிட்டார். அது தானியம் தவசம் போட்டு வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. பூசிக்கொள்ள மஞ்சளும் பயத்தமாவும் தயிரும் என் அம்மா குழைத்துக் கொடுப்பாள். பொழுது அடைந்த பிறகுதான் அத்தை முற்றத்துக்கு வரலாம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் காவல் நான். கையில் கம்போடு அறைவாசலில் உட்கார்ந்திருப்பேன். போலீஸ் வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“ஏலே ஏட்டய்யா, கைதிக்குத் தண்ணி உண்டுமா?” என்று அத்தை உள்ளேயிருந்து கேட்பாள். முதல் பத்து நாள் எல்லாருக்கும் அது விளையாட்டுத்தான்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தது. அத்தையின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பகலெல்லாம் சுருண்டு படுத்திருப்பாள். ராத்திரி தூக்கம் வராமல் புரள்வாள். தட்டில் போட்ட சோறு அப்படியே திரும்பி வரும். முழங்கால் வலி என்பாள், இடுப்பு வலி என்பாள். ஒரு காரணமும் இல்லாமல் அழுவாள். வீட்டைப் பிரியப்போகிற கவலை என்று ஒருத்தர் சொன்னார். கண்ணேறு என்றார் இன்னொருத்தர். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். கோயில் பூசாரி வந்து கையில் கயிறு கட்டிவிட்டுப் போனார். வெயிலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் வேண்டாம் என்றாலும் வந்து விழுகிற சாமான் அது. அது இல்லாமல் ஒருத்தருக்குக் குறை வரும் என்று எப்படித் தோன்றும்?

அந்த அறையின் கூரையில் ஒரு ஓடு உடைந்திருந்தது. மழை விட்டு மேகம் விலகினால் அது வழியாக உள்ளங்கை அகலத்துக்கு வெயில் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அத்தை அந்த வெயிலில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது நகர நகர அவளும் நகர்ந்தாள். அது சுவரில் ஏறியதும் எழுந்து நின்று கன்னத்தை அங்கே ஒட்டவைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. “ஏலே, அதையுமா சொல்லிட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அப்பா ஏணி போட்டு ஏறி அந்த ஓட்டை மாற்றினார். தங்கச்சி என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் மாற்றினார்.

அதற்குப் பிறகு அத்தை எழுந்திருப்பதே அபூர்வமாகிவிட்டது. கார்த்திகை முழுக்க அப்படியே போனது. மார்கழியில் வானம் வெளுத்த ஒரு காலையில், அப்பா காட்டுக்குப் போன பிறகு, அம்மா அந்த அறைக்குள் போனாள்.

“எந்திட்டி. பாசிப்பயறு காயப்போடணும். காக்கா வெரட்ட ஆளில்ல.”

“அண்ணன் வைவான், மதினி.”

“வைதா என்னைய வையட்டும். வெளுத்த பொணத்தக் கட்டிக்குடுத்து என்ன செய்ய? வா.”

அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். நான் கடமை தவறாமல் கம்பைக் குறுக்கே நீட்டினேன். அம்மா அதைப் பிடுங்கி அத்தையின் கையில் கொடுத்துவிட்டாள், காக்கா விரட்ட. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் அத்தை முற்றத்தில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் அப்பா வந்து குதித்தார். “அவிய வந்து பாத்தா நான் என்னத்தச் சொல்ல?” மறுநாளும் அம்மா அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். நாலைந்து நாளில் அத்தை இரண்டாம் தடவை சோறு கேட்டாள். தை நெருங்கும்போது காட்டுக்கே போய்விட்டாள். ஒரு நாள் நானும் அப்பாவும் வண்டிப்பாதையில் வந்துகொண்டிருந்தோம். உளுந்தங்காட்டிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடந்தார். அன்றிலிருந்து வைவதை விட்டுவிட்டார்.

தையில் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அத்தை கரிசல் ஒட்டிய காலோடு வந்து நின்றாள்.

“என்னம்மா, நெழல்ல வைக்கலையா?”

“வச்சாங்கம்மா. எனக்குத்தான் இருக்க முடியல. இதான் என் நெறம். ஒங்க வீட்ல வெயில் விழுமா?”

“கேள்வியப் பாரு” என்றார் அந்த அம்மாள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. மறு வருஷம் குளத்தூரில் உப்பளத்து வேலைக்காரருக்கு அத்தையைக் கொடுத்தோம். உங்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு தெரியுமே. அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நம் வீடு வரைக்கும் கேட்கும்.

இதையெல்லாம் வெயிலோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. உங்கள் அம்மாவின் மூட்டுவலிக்குப் போனபோது டாக்டர் சொன்னார்: உடம்பில் வெயில் பட்டால்தான் எலும்புக்குச் சத்து சேருமாம். பகல் வெளிச்சம் படாமலே இருந்தால் தூக்கம் கெடுமாம், மனசு சோர்ந்துபோகுமாம். மழை மாதங்களில் சிலருக்கு அது அதிகமாகுமாம். உச்சி வெயிலில் போய் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலையிலும் சாயங்காலமும் வெளியே போய் விளையாடுங்கள். நிறத்தைக் கேட்கிறவர்களுக்கு அத்தை சொன்ன பதிலையே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா கம்பைப் பிடுங்கிய அன்று எனக்குக் கோபம். அத்தை சும்மா பாவலா பண்ணுகிறாள், உள்ளே இருப்பது என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்து, யாரும் பார்க்காதபோது அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நூறு எண்ணும் வரை இருப்பதாக எண்ணம். அறுபது எழுபதிலேயே எண்ணிக்கை தவறிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அழுகை ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கொல்லையில் கிடந்த ஒரு செங்கல்லைத் தூக்கிவந்து, அந்தக் கதவு இனிமேல் சாத்தாதபடி முட்டுக்கொடுத்து வைத்தேன்.